ஒரே அழுத்தம் எல்லா உடம்புக்கும் ஒத்துவராது: சீன மருத்துவக் கணக்கில் பிடித்துவிடும் முறை

பாசிக்குடா விடுதிகளில் மசாஜ் வேலை செய்பவர்களிடமும் ஊருக்குள் எண்ணெய் போட்டுப் பிடித்துவிடுபவர்களிடமும் அதிகம் காணும் பிழை, வருகிற எல்லோரையும் ஒரே பலத்தில் அமத்துவது. வயலில் மூட்டை தூக்கி நேற்று நாரி பிடித்த இளந்தாரிக்கும், பத்து வருடமாய் நாரி உழைவோடு இருக்கும் பாட்டிக்கும் ஒரே கை. எவ்வளவு பலம், எந்தத் திசை, எவ்வளவு நேரம் என்ற மூன்று கேள்விக்கும் சீன மருத்துவத்தின் அடிப்படைக் கருத்துகளில் விடை இருக்கிறது. அந்தப் பயனுக்காக மட்டுமே அவற்றை இங்கே எடுக்கிறோம்.

ச்சி என்னும் உயிர்ச்சக்தியோ அது ஓடும் நாடிப்பாதைகளோ உடலை அறுத்துப் பார்த்தால் தெரிவதில்லை. அவற்றைத் தொழில் செய்வதற்கான ஒரு வரைபடமாக வைத்துக்கொள்ளுங்கள். வாதம், பித்தம், கபம் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இப்படி ஒரு வரைபடம் புதிதுமல்ல. ஆனால் சித்த மருத்துவத்தின் முக்குற்றத்தையும் சீனத்தின் ஐந்து மூலங்களையும் (மரம், நெருப்பு, மண், உலோகம், நீர்) ஒன்றுக்கொன்று பொருத்திப் பார்க்காதீர்கள். பொருந்தாது, இரண்டும் குழம்பும்.

முதலில் பார்க்கவேண்டியது நிறைவா, வெறுமையா என்பது. உள்ளங்கையை நோவுள்ள இடத்தில் வைத்து மெதுவாகப் பாரத்தைக் கூட்டிக்கொண்டே, "அமத்தினா சொகமா இரிக்கா, நோகுதா?" என்று கேளுங்கள். நோவு கூடி ஆள் விலகினால் நிறைவு: ஓட்டம் அடைபட்டுத் தேங்கிய நிலை. இது பெரும்பாலும் புதிதாக வந்த, குத்துகிற, இடம் காட்டக்கூடிய நோவு. அமத்தும்போது சுகம் கண்டு "அப்படியே வைச்சிரிங்க" என்றால் வெறுமை: பழைய உழைவு, களைப்பு, பின்னேரத்தில் கூடுவது. நிறைவுக்கு வேகமான, உறுதியான, குறுகிய நேரக் கைவேலை. அதையும் நோவின் மையத்தில் தொடங்காமல், அதே பாதையில் சற்றுத் தள்ளித் தொடங்கவேண்டும். வெறுமைக்குச் சூடான உள்ளங்கை, மெதுவான அசைவு, நீண்ட பிடி. வெறுமையான உடம்பை முழங்கையால் அரைத்தால் அன்றைக்குச் சுகமாகத்தான் இருக்கும். அடுத்த நாள் எழும்ப முடியாமல் கிடப்பார். ஆள் திரும்பி வராததற்குக் காரணம் பல வேளை இதுதான்.

அடுத்தது குளிரா, சூடா, ஈரமா என்பது. சிவந்து, வீங்கி, தொட்டால் சுடுகிற மூட்டில் கைவைக்கக் கூடாது, சூட்டு எண்ணெயும் கூடாது. சூடு வைத்தால் குறைந்து குளிரில் கூடுகிற நோவு குளிர். ஈரம் என்பது பாரமாக, மந்தமாக, இடம் சொல்லத் தெரியாமல் இருப்பது. வடகீழ்ப் பருவமழை பெய்யும் நவம்பர் முதல் ஜனவரி வரை சேற்றில் நின்று வேலை செய்பவர்களிடம் குளிரும் ஈரமும் சேர்ந்தே வரும். சீனர் இதற்கு மொக்சா என்ற மூலிகைத் திரியைக் கொளுத்திச் சூடு காட்டுவார்கள். பூட்டிய அறையில் புகை பெரும் தொல்லை. வறுத்த உப்பைத் துணியில் கட்டி ஒத்தணம் கொடுத்தால் போதும், ஆனால் முதலில் உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துச் சூடு பாருங்கள். சீனி வருத்தத்தால் கால் மரத்தவர்களுக்கு அதுவும் வேண்டாம், சுட்டாலும் அவர்களுக்குத் தெரியாது.

நாக்கைப் பார்ப்பதும் இந்த முறையில் உண்டு. வெளிறிய நாக்கு வெறுமையையோ குளிரையோ காட்டும், தடித்த வெள்ளைப் படிவு ஈரத்தை, மஞ்சள் படிவு சூட்டைக் காட்டும். வெற்றிலை போடுகிறவர்களின் நாக்கு நிறத்தை நம்பாதீர்கள், படிவின் தடிப்பை மட்டும் பாருங்கள்.

ஐந்து மூலங்களுக்கும் ஒவ்வோர் உறுப்பு உண்டு, அதில் கைவேலைக்கு வேண்டியது கொஞ்சமே. நுரையீரல் தோலுக்கு, இதயம் இரத்தக் குழாய்க்கு, மண்ணீரல் தசைக்கு, கல்லீரல் தசைநாருக்கு, சிறுநீரகம் எலும்புக்கு என்று பங்கு பிரித்திருக்கிறார்கள். கை எந்த அடுக்கு வரை இறங்கவேண்டும் என்பதை நினைவில் வைக்க இது உதவும். ஆனால் வந்தவரிடம் "உங்கட சிறுநீரகம் பலவீனம்" என்று சொல்லிவிடாதீர்கள். சீன மருத்துவத்தில் அது ஒரு தொழிற்பாட்டின் பெயர், கேட்பவரோ நாளைக்கே இரத்தப் பரிசோதனைக்கு ஓடுவார்.

பாதையும் அளவும்

பிரதான பாதைகள் 12. கைகளை மேலே தூக்கி நிற்கும் ஒருவரை நினைத்துக்கொண்டால் திசை மறக்காது: யாங் பாதைகள் எல்லாம் மேலிருந்து கீழே இறங்கும், யின் பாதைகள் எல்லாம் கீழிருந்து மேலே ஏறும். முதுகும் கைகால்களின் வெளிப்புறமும் யாங், உட்புறமும் வயிறும் யின். இரைப்பைப் பாதை மட்டும் விதிவிலக்கு: யாங்காக இருந்தும் உடலின் முன்பக்கமாக இறங்குகிறது. ஓட்டத்தோடு தேய்த்தால் வலுவூட்டும், எதிராகத் தேய்த்தால் தேக்கம் கலையும் என்பது விதி.

பாதைகளில் அமத்தவேண்டிய புள்ளிகளைச் சென்டிமீட்டரில் அளப்பதில்லை. அளவு சுன். படுத்திருப்பவருடைய பெருவிரல் மூட்டின் அகலம் 1 சுன். சுட்டுவிரலும் நடுவிரலும் சேர்ந்த அகலம் 1.5 சுன், பெருவிரல் தவிர்ந்த நான்கு விரலும் சேர்ந்தால் 3 சுன். உங்கள் விரலால் அளப்பதானால் முதலில் அவருடைய கையோடு ஒப்பிட்டுக் கொள்ளுங்கள். பெரிய கையுள்ளவர் ஒல்லியான பெண்ணின் காலில் தன் நான்கு விரலை வைத்தால் புள்ளி தப்பிவிடும்.

நாரி நோவுக்கு ஒரு முறை

சாப்பிட்டு ஒரு மணித்தியாலமாவது போகட்டும். நோன்பு நாட்களில் பகலில் செய்யாதீர்கள். நோன்பு திறந்து சாப்பிட்டு ஆறிய பிறகு, வெறுமைக்குரிய இலேசான கையோடு செய்யலாம். குப்புறப் படுக்கவைத்து, கணுக்காலுக்குக் கீழே தலையணை வைத்து, முதுகின் மேல் பருத்திச் சாரத்தை விரியுங்கள். விசிறிக் காற்று முதுகில் நேராகப் படக்கூடாது.

உள்ளங்கையால் நாரியில் வட்டமாகத் தேய்ப்பதில் தொடங்குங்கள். சூடு பிறக்க 2 முதல் 3 நிமிடம் ஆகும். அடுத்து உருட்டு, துய்னா என்னும் சீனப் பிடித்துவிடும் முறையின் உயிரான கைவேலை இதுதான். சின்னிவிரல் பக்கப் புறங்கையை முதுகில் வைத்து, மணிக்கட்டை மடக்கி விரித்து, நிமிடத்துக்கு 120 முதல் 160 தடவை உருட்டவேண்டும். முள்ளந்தண்டின் இரு பக்கத் தசையிலும், தோள்பட்டைக்குக் கீழிருந்து இடுப்பு வரை, ஒரு பக்கத்துக்கு 5 நிமிடம். இங்கே எண்ணெய் வேண்டாம். எண்ணெய் பட்டால் கை வழுக்கும், உருட்டு தேய்ப்பாகிவிடும், ஆழம் போகாது. தோள் இறுகினாலும் இதே கதிதான். தோளைத் தளர்த்தி, அசைவு முன்கையிலிருந்து வரவேண்டும். முள்ளெலும்பின் மேலே நேராக உருட்டக் கூடாது.

பிறகு ஷென்ஷு என்ற புள்ளி. இடுப்பெலும்பின் இரு உச்சிகளையும் இணைக்கும் கோடு ஏறக்குறைய நாலாவது நாரி முள்ளெலும்பில் விழும். அங்கிருந்து இரண்டு மேலே எண்ணி, அதன் கீழ் விளிம்பிலிருந்து 1.5 சுன் பக்கவாட்டில் இரு புறமும் புள்ளி இருக்கிறது. கடைசி விலாவும் சிறுநீரகமும் பக்கத்தில் இருப்பதால் முழங்கை வேண்டாம், உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து ஒரு நிமிடம் மெதுவாகப் பிசையுங்கள். முழங்காலின் பின் மடிப்பு நடுவில் வெய்ஜோங். முழங்காலைச் சற்று மடக்கி, 5 செக்கன் வீதம் ஐந்தாறு தடவை இலேசாக அமத்தினால் போதும். நரம்பு சுருண்டு புடைத்த காலானால் இதைத் தவிருங்கள். கடைசியாகத் தலைப்பக்கமிருந்து குதிக்கால் வரை நீளமாக நீவி முடியுங்கள். நாரியில் ஓடுவது சிறுநீர்ப்பைப் பாதை, அது கீழ்நோக்கித்தான் இறங்குகிறது.

மருதமுனையில் தறியில் இருப்பவர்களுக்கும் தையல்காரர்களுக்கும் பிடரியும் தோளும்தான் சிக்கல். மண்டையோட்டின் அடியில், இரு பெரிய தசைகளுக்கு இடையிலுள்ள குழியில் ஃபெங்ச்சி. அதைக் கண்ணை நோக்கி மேல்சாய்வாக அமத்துங்கள், கழுத்தின் முன்பக்கம் போகவே வேண்டாம். தோளின் உச்சியில் ஜியான்ஜிங்கைக் கிள்ளிப் பிடித்துத் தூக்கி விடுங்கள்.

கைவைக்கக் கூடாத இடங்கள்

கர்ப்பிணிகளுக்கு ஜியான்ஜிங், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள ஹகு, உள் கணுக்காலுக்கு 3 சுன் மேலுள்ள சன்யின்ஜியாவ் மூன்றையும் விட்டுவிடுங்கள். வயல் வேலை செய்பவர் காய்ச்சலோடு கெண்டைக்கால் கடுமையாக நோகிறது என்று வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். மழைக்குப் பிறகு காய்ச்சலும் உடம்பு முறிவும் என்றால் டெங்காக இருக்கலாம். இரண்டுக்கும் பிடித்துவிடும் வேலையே இல்லை, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சுட்டால் இரத்தம் உறைந்திருக்கலாம், தேய்த்தால் கட்டி நுரையீரலுக்குப் போகலாம். நாரி நோவோடு சலம் போகாமை, தொடையிடுக்கு மரத்தல் இருந்தால் அவசரம். நெஞ்சு இறுக்கத்தோடு இடது கை உழைந்தால் இதயப் பாதையைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள், வாகனத்தைத் தேடுங்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் குளிசை போடுகிறவர்களுக்கு ஆழமான அமத்தல் உள்ளே இரத்தக் கசிவைத் தரலாம்.

புதிய நிறைவு நோவுக்கு இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு மறுபடி செய்யலாம், பழைய வெறுமைக்குக் கிழமைக்கு இரண்டு தடவை. தசை உழைவு இரண்டு நாளுக்குள் அடங்கவேண்டும். அடங்காவிட்டால் அடுத்த முறை பலத்தைப் பாதியாகக் குறையுங்கள். செய்பவரின் பெருவிரல் நோகத் தொடங்கினால் கை நீட்டியிருக்கும் கோணம் பிழை: விரலை நேராக வைத்து, மற்ற விரல்களை மடக்கி அதற்கு முட்டுக் கொடுத்து, உடம்பின் பாரத்தைச் சாய்த்து இறக்குங்கள்.