மனசுல அடைச்சு கிடக்குறத எழுதித் தீர்க்குறது எப்படி

யாருகிட்டயும் சொல்ல முடியாத விஷயம் உள்ளயே கிடந்து உறுத்துதா, இத செஞ்சு பாருங்க. அமெரிக்க சைக்காலஜிஸ்ட் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986ல காலேஜ் பசங்கள வச்சு சோதிச்ச முறைதான், தினம் 15 நிமிஷம், தொடர்ந்து 4 நாள். கதவ சாத்திட்டு நோட்டு பேனாவோட உக்காருங்க, போன் அடுத்த ரூம்ல இருக்கட்டும்.

என்ன நடந்துச்சுங்கறதோட நிறுத்தாம அப்ப மனசுக்கு எப்படி இருந்துச்சுன்னும் எழுதணும், ரெண்டும் சேர்ந்தாதான் பலன், வெறும் சம்பவத்த மட்டும் எழுதுனவங்களுக்கு பெருசா பிரயோஜனம் இல்லன்னு அந்த ஆய்வுலயே தெரிஞ்சுது. ஸ்பெல்லிங், இலக்கணம் எதுவும் பாக்காதீங்க, கெட்ட வார்த்த வந்தா வரட்டும், ஒண்ணும் தோணலயா கடைசி வரியவே திரும்ப எழுதுங்க ஆனா கை நிக்கக்கூடாது.

முடிச்ச உடனே மனசு கனமா இருக்கும், அழுகை கூட வரும், கொஞ்ச நேரத்துல பெரும்பாலும் அடங்கிரும். அதனால தூங்கப் போற நேரத்துல வேணாம். யாராச்சும் படிச்சிருவாங்கன்னு பயமா, கிழிச்சுப் போட்டுருங்க (நம்ம வீடுகள்ல டைரிக்கு ஏது பிரைவசி!).

இப்பதான் நடந்த இழப்புன்னா அவசரப்பட்டு தொடாதீங்க. எழுத எழுத தாங்கவே முடியலன்னா அங்கயே நிறுத்திட்டு ஒரு கவுன்சிலரப் பாருங்க.