பென்டிரைவில் போட்டாச்சு, அப்புறம் ஏன் பூட் ஆகவில்லை?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையோரம் கட்டிக் கிடக்கும் அந்த நாட்களில்தான் ராமேஸ்வரம் தீவில் எங்கள் தங்கச்சிமடம் பக்கம் பரணில் கிடக்கும் லேப்டாப்புகளைத் தூசி தட்டி எடுப்பார்கள். பள்ளியில் வாங்கிய விலையில்லா லேப்டாப்புகள்தான் என்னிடம் நிறைய வரும். 2 ஜிபி ரேமில் விண்டோஸ் 10 தவழ்ந்துதான் போகும். அதற்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. பப்பி லினக்ஸ், ஆன்டிஎக்ஸ் மாதிரி இலகுவான இயங்குதளம் ஒன்றைப் பென்டிரைவ் வழியாகப் போட்டால் அதே மெஷின் எழுந்து நடக்கும்.

போன தடைக்காலத்தில் ஒரு தம்பி வந்தான். "அண்ணே, ஐஎஸ்ஓவ பென்டிரைவ்ல போட்டுட்டேன், பூட்டே ஆகமாட்டேங்குது." திறந்து பார்த்தால், அக்கா கல்யாண போட்டோ ஃபோல்டருக்குப் பக்கத்தில் ஐஎஸ்ஓ ஃபைல் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. பாட்டு ஏற்றுவது போலக் காப்பி செய்திருக்கிறான்.

ஐஎஸ்ஓ என்பது ஒரு டிஸ்க் முழுவதையும் அச்செடுத்த நகல், ஒரே ஃபைலாக. அதற்குள் இருக்கும் பூட் லோடர், அதாவது இயங்குதளத்தை எழுப்பிவிடும் சின்ன நிரல், மெஷின் தேடுகிற இடத்தில் போய் உட்கார வேண்டும். அதை ரூஃபஸ், எட்சர் போன்ற கருவிகள் செய்யும். செய்யும்போது பென்டிரைவில் இருப்பதை எல்லாம் வழித்துவிடும். நல்லவேளை, தம்பி காப்பி செய்ததோடு நின்றான். அந்தப் போட்டோக்களுக்கு வேறு பிரதி கிடையாது.

இதைவிட மோசம், டிஸ்க்கையே மாற்றித் தேர்ந்தெடுப்பது. ரூஃபஸ் வழக்கமாக வெளி ஹார்டு டிஸ்க்கைப் பட்டியலில் காட்டாது. அதையும் காட்டு என்று டிக் போட்டுவிட்டால், பொறுப்பு நம் தலையில். லினக்ஸில் ஐஎஸ்ஓவை அப்படியே டிஸ்க்கில் எழுதும் டிடி (dd) கட்டளை உங்களை ஒரு வார்த்தை கேட்காது. டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் வைக்கும் எஸ்டிஏ (sda), எஸ்டிபி (sdb) என்ற பெயரை நம்பாமல், டிஸ்க்குகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்பிஎல்கே' (lsblk) அடித்து அளவைப் பாருங்கள். 16 ஜிபி பென்டிரைவ் 14.9 என்று காட்டினால் பயப்பட வேண்டாம், அதுதான் இது. பென்டிரைவின் பெயர் எஸ்டிபி என்றால் எழுதுவதும் முழு எஸ்டிபிக்குத்தான், எஸ்டிபி1 என்று அதன் ஒரு பகுதிக்கு (பார்ட்டிஷனுக்கு) எழுதினால் அநேகமாக பூட் ஆகாது.

டவுன்லோடு பாதியில் கெட்டிருக்கலாம். சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில் இது சகஜம். தனுஷ்கோடிப் பக்கம் போனால் போன் இலங்கை டவரையே பிடித்துக்கொள்கிறது! ரூஃபஸில் ஐஎஸ்ஓவைத் தேர்ந்தெடுத்த பிறகு பக்கத்தில் ஒரு சின்ன டிக் பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் ஃபைலின் கைரேகை மாதிரியான எஸ்ஹெச்ஏ256 எண் வரும். தளத்தில் போட்டிருக்கும் எண்ணோடு ஒத்துப் பாருங்கள், இரண்டு நிமிஷ வேலை.

அப்புறம் 32 பிட், 64 பிட். கோர் 2 டுவோ 64 பிட்டைத் தாங்கும். ஆட்டம் என்270 போட்ட குட்டி நெட்புக் தாங்காது, அதற்கு 32 பிட் பதிப்புதான். லுபுண்டு என்ற லினக்ஸ் 19.04-லிருந்தே 32 பிட்டை விட்டுவிட்டது. ஆன்டிஎக்ஸில் இன்னும் கிடைக்கும். பழைய பயாஸ் (மெஷினை முதலில் எழுப்பும் உள் மென்பொருள்) மெஷின் என்றால் ரூஃபஸில் டிஸ்க்கைப் பிரிக்கும் முறையாக ஜிபிடியை விட்டு எம்பிஆரைத் தேர்ந்தெடுங்கள். புதிய மெஷினில், அங்கீகரித்த இயங்குதளத்தை மட்டும் விடும் செக்யூர் பூட் தடுக்கலாம். அதை அணைக்கும் முன், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் மீட்பு எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதும் பட்டை 100 சதவீதம் காட்டியதும் பிடுங்காதீர்கள். பென்டிரைவ் விளக்கு இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தால் உள்ளே எழுதுவது முடியவில்லை என்று அர்த்தம். முறையாக எஜெக்ட் கொடுத்து எடுங்கள். டிடி முறையில் எழுதிய பென்டிரைவை விண்டோஸில் மறுபடி செருகினால் 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்கும். விண்டோஸுக்கு அந்த அமைப்பு படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். சரி என்று அழுத்தினால் செய்த வேலை போச்சு.

எதிலிருந்து பூட் ஆக வேண்டும் என்று கேட்கும் பூட் மெனு வரவில்லை என்றால் எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று முயன்று பாருங்கள். ஏசரில் பல மாடல்களில் எஃப்12 மெனு பயாஸுக்குள் முடக்கியே வரும். எஃப்2 போய் இயக்க வேண்டும். போர்ட்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். உப்புக்காற்றில் செம்பெல்லாம் பச்சை பூத்துவிடும் ஊர் இது. ஒரு போர்ட் தகராறு செய்தால் அடுத்ததில் செருகுங்கள்.

எல்லாம் சரியாகி டெஸ்க்டாப் வந்தும், எந்தத் தளமும் திறக்காமல் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்கிறதா? பென்டிரைவைத் திட்டாதீர்கள். மூலையில் கடிகாரத்தைப் பாருங்கள். பத்து வருஷத்துக்கு முந்தைய தேதி ஓடிக்கொண்டிருக்கும். பரணில் கிடந்த காலத்தில் உள்ளிருக்கும் பட்டன் பேட்டரி செத்திருக்கும். தேதியைத் திருத்தினால் தளங்கள் திறக்கும். பேட்டரியை மாற்றும்வரை ஒவ்வொரு முறை கரண்ட் முழுதாகப் போனதும் இதே கதைதான். பழைய மெஷின் என்றால் மாற்றிவைத்த பூட் வரிசையையும் சேர்த்து மறந்துவிடலாம்.