பழைய கம்ப்யூட்டர் பாகங்களில் புராஜெக்ட்: எங்கே சறுக்குகிறது?

பழைய கம்ப்யூட்டரைப் பிரித்து அதிலிருந்து புதிதாக ஏதாவது செய்யப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். கழற்றி எடுத்த பாகம் தனியாகவே வேலை செய்யும் என்று நம்பிவிடுகிறார்கள். அதுவோ, பக்கத்தில் மதர்போர்டோ (எல்லாப் பாகங்களையும் இணைக்கும் முதன்மை போர்டு) கன்ட்ரோல் போர்டோ இருக்கிறது என்ற கணக்கிலேயே செய்யப்பட்டது.

கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 24 பின் கனெக்டரில் பச்சை வயரைக் கருப்போடு சேர்த்தால் ஆன் ஆகிவிடும். மஞ்சளில் 12 வோல்ட், சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3. இதுவரை யாருக்கும் சிக்கலில்லை. ஆனால் மஞ்சளில் ஒரு மோட்டாரை மாட்டியதும் வோல்டேஜ் இறங்குகிறது, அல்லது சப்ளை படக்கென்று அணைந்துவிடுகிறது. உடனே 'இது போச்சு' என்று தூக்கிப் போடுவார்கள். பெரும்பாலும் அது கெட்டிருக்காது. பழைய சப்ளைகள் பலவற்றில் 5 வோல்ட் பக்கம் கொஞ்சமாவது லோடு, அதாவது கரண்ட் இழுக்கும் ஏதாவது ஒன்று, இருந்தால்தான் 12 வோல்ட் நிலையாக நிற்கும். சிவப்புக்கும் கருப்புக்கும் நடுவே 10 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அது அரை ஆம்பியர் இழுக்கும், 2.5 வாட் சூடாகும். அதற்கு எதற்கு 10 வாட் என்று சின்னதாகப் போட்டால், கை வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும்.

வயர்களை நறுக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். பல சப்ளைகளில் ஆரஞ்சு வயர் இருக்கும் பின் ஒன்றில் கூடவே மெல்லிய பழுப்பு வயரும் வரும். 3.3 வோல்ட் சரியாகப் போய்ச் சேர்கிறதா என்று சப்ளை பார்த்துக்கொள்வது அதன் வழியாகத்தான். அதைத் தனியே தொங்கவிட்டால் சில சப்ளைகள் ஆன் ஆகவே ஆகாது. அப்புறம், நீங்கள் இழுக்கும் வயரில் ஒரு ஃபியூஸ் போடுங்கள். மதர்போர்டுக்குத் தீனி போட்ட 5 வோல்ட் லைன் 20 ஆம்பியர் வரை தரக்கூடியது. ஷார்ட் ஆனால் சப்ளை அணைவதற்குள் உங்கள் மெல்லிய வயர் உருகியிருக்கும். இரண்டு சப்ளைகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கும் யோசனையையும் விட்டுவிடுங்கள். இரண்டின் கருப்பு வயரும் எர்த்தோடு சேர்ந்திருப்பதால், முதல் சப்ளையின் 12 வோல்ட் நேராக ஷார்ட் ஆகும்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காமல் வேலை முடிந்தால் திறக்கவே வேண்டாம். உள்ளே இருக்கும், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கும். திறந்தே ஆகவேண்டும் என்றால் காத்திருந்தது மட்டும் போதாது, மல்டிமீட்டரில் அளந்து பார்த்த பிறகே கை வையுங்கள்.

லேப்டாப் பேட்டரியிலும் இதே கதைதான். உள்ளே இருக்கும் 18650 என்ற உருளை வடிவ லித்தியம் செல்களை உருவிவிட்டு, அவற்றைக் காத்துவந்த சின்ன போர்டைக் குப்பையில் போடுகிறார்கள். சாதாரண லித்தியம் அயன் செல் 4.2 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிக் கிடந்ததை மறுபடி சார்ஜ் செய்யக்கூடாது. பாதுகாப்பு போர்டு இல்லாமல் இவற்றை யார் கண்காணிப்பது? செல்லின் முனையில் நேரடியாக சால்டரிங் வைப்பதும் ஆபத்து, அந்தச் சூடு உள்ளே போகும்.

ஹார்ட் டிஸ்க் மோட்டாருக்கு பேட்டரியைக் கொடுத்தால் ஒரு துள்ளு துள்ளி நின்றுவிடும். அது மூன்று ஃபேஸ் மோட்டார், அதன் மூன்று சுருள்களுக்கும் மாற்றி மாற்றி கரண்ட் கொடுக்கும் பிரஷ்லெஸ் டிரைவர் போர்டு இல்லாமல் சுற்றாது. லேப்டாப் டிஸ்க்குகளின் தட்டு சிலவற்றில் கண்ணாடி. வளைத்தால் சில்லு சில்லாகத் தெறிக்கும். டிவிடி ரைட்டரின் சிவப்பு லேசரை வெளியே எடுத்து எரியவிடுவதுதான் எனக்குப் பிடிக்காத விளையாட்டு. 100 மில்லிவாட்டைத் தாண்டக்கூடிய ஒளி அது, இமை மூடுவதற்குள் கண்ணைக் கெடுத்துவிடும்.

லேப்டாப் திரையை மானிட்டராக்க நினைப்பவர்கள், திரைக்குப் படத்தை அனுப்பும் கன்ட்ரோலர் போர்டை முதலில் வாங்கிவிட்டு, அப்புறம் திரையைத் திருப்பிப் பார்க்கிறார்கள். பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் பேனல் நம்பருக்கு ஏற்ற போர்டும் கேபிளும் ஃபர்ம்வேரும் (போர்டுக்குள் ஏற்றும் மென்பொருள்) வேண்டும். இல்லையென்றால் வெள்ளைத் திரைதான். எல்இடிக்கு முந்தைய பேனல் என்றால் பின்விளக்கு ஒரு மெல்லிய குழல்விளக்கு. அதற்குப் போகும் இன்வெர்ட்டர் போர்டில் பல நூறு வோல்ட் இருக்கும், ஆன் செய்வதற்கு முன்பே அதை மூடிவிடுங்கள்.