பழைய ஏரிக்கரையைப் பராமரிப்பது எப்படி?

மதகு (பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் வாய்), கலிங்கு (ஏரி நிரம்பினால் மிகுநீர் வழிந்தோடும் இடம்), கரை ஒவ்வொன்றுக்கும் குறிப்பேட்டில் தனிப்பக்கம் ஒதுக்குங்கள். மதகின் அடிப்பகுதியை நான் கோடையில்தான் பார்ப்பேன். தண்ணீர் வடிந்தால்தான் விரிசல் தெரியும்.

ஏரி நிரம்பியதும் கரையின் வெளிச்சரிவில் நடந்து பாருங்கள். கசியும் நீர் கலங்காமல் தெளிவாக இருந்தால் இடத்தைக் குறித்துக் கண்காணியுங்கள். சேறாக வந்தால் உள்ளே மண் அரிக்கிறது. அன்றே நீர்வளத் துறைக்கோ ஒன்றிய அலுவலகத்துக்கோ சொல்லுங்கள்.

கரையிலுள்ள சீமைக் கருவேலத்தை வெட்டிவிட்டு அடிமரத்தை விட்டுவிடாதீர்கள். வேர் மக்கினால் அதுவே தண்ணீருக்கு வழியாகிவிடும். கோடையிலேயே வேரோடு எடுத்து, குழியில் களிமண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இடித்து இறுக்குங்கள். இதில் சிக்கனம் கூடவே கூடாது.

பணம் குறைவென்றால் முதலில் மதகும் கலிங்கும்தான். தூர்வாருவது அடுத்த ஆண்டு. ஊரார் தூர்வாரத்தான் கேட்பார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்.

பொறுப்பாளர்களை ஆண்டுதோறும் தேர்ந்தெடுங்கள். உத்திரமேரூரில் 10ஆம் நூற்றாண்டிலேயே ஏரி வாரியத்தைக் குடவோலையில் அமைத்தார்கள். மதகின் ஷட்டரை ஏற்றி இறக்கும் திருகுக்குப் புரட்டாசி முடிவதற்குள் கிரீஸ் போட்டுவிடுங்கள்.