ரீடெவலப்மென்ட் பிளாட் சாவி வாங்க ஊருக்கு வர்றீங்களா? டேப்ப மறக்காதீங்க

பழைய அபார்ட்மென்ட்ட இடிச்சு ஜேவில (ஜாயின்ட் வென்ச்சர், அதாவது நீங்க நிலத்த குடுக்க, பில்டர் கட்டி உங்க பங்குக்கு வீடு குடுக்கறது) புதுசா கட்டியாச்சு, சாவி வாங்கிக்க வாங்கன்னு பில்டர் மெயில் போடுவாரு, நீங்களும் மூணு வாரம் லீவு போட்டு வெளிநாட்டுல இருந்து சென்னைல வந்து இறங்குவீங்க. உள்ள போனா வீடு என்னவோ சின்னதா தெரியும். கேட்டா, காலி வீடு அப்படித்தான் சார் தெரியும், சாமான் வந்தா சரியாயிடும்னு சைட் இன்ஜினியர் சொல்வாரு.

எங்க சித்தி வீட்டுல இதான் நடந்துச்சு. பிளான்ல 10க்கு 12 பெட்ரூம், டேப் போட்டா 9 அடி 8 இஞ்ச், 11 அடி 7 இஞ்ச். பூச்சு கனம்னாங்க, பூச்சுல ஒரு இஞ்ச் போகலாம், நாலு அஞ்சு இஞ்ச் எப்படிங்க போகும், அந்த ஒரு ரூம்லயே 8 சதுர அடி காலி. ஆனா சித்தி அதுக்கு முந்தின நாளே பொசஷன் லெட்டர்ல (வீட்ட வாங்கிக்கிட்டேன்னு குடுக்கற கடிதம்) முழு திருப்தின்னு கையெழுத்து போட்டு குடுத்துட்டாங்க.

அதனால அளந்துட்டு அப்புறம் கையெழுத்து. முதல்ல அக்ரிமென்ட்ல இருக்கற சதுர அடி எந்தக் கணக்குன்னு பாருங்க, சூப்பர் பில்டப்னா அதுல படிக்கட்டு லிஃப்ட் எல்லாம் சேர்ந்திருக்கும், 2016 ரெரா சட்டத்துல (ரியல் எஸ்டேட்ட முறைப்படுத்தற சட்டம்) சொல்ற கார்பெட் ஏரியான்னா வீட்டுக்குள்ள இருக்கற தடுப்புச் சுவர் சேரும், வெளிச்சுவரும் பால்கனியும் சேராது. ஒரு லைசென்ஸ்டு இன்ஜினியர கூட்டிட்டு வந்து அளந்து ரிப்போர்ட்டா வாங்கிடுங்க. பத்திரத்துல யூடிஎஸ் (நிலத்துல உங்களுக்கு வர்ற பிரிக்காத பங்கு) எவ்வளவுன்னும் பாத்துடுங்க, அதுலயும் கை வைக்கறவங்க உண்டு. சாவிய அன்னிக்கே வாங்கியே ஆகணும்னா, அளவு குறையுது, ஆட்சேபணையோட வாங்கறேன்னு லெட்டர்லயே கையால எழுதி போட்டோ எடுத்துக்கோங்க.

அடுத்து வக்கீல் நோட்டீஸ். பாதி பேர் இதுலயே பேச்சுவார்த்தைக்கு வந்துடுவாங்க, குறைஞ்ச அடிக்கு காசாவாவது வாங்கிடலாம். மசியலைன்னா ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு தமிழ்நாடு ரெரா, அதாவது அந்த சட்டப்படி புகார விசாரிக்கற அமைப்பு. ஆனா மனை 500 சதுர மீட்டர தாண்டலைன்னாலோ மொத்தமே 8 வீட்டுக்குள்ளன்னாலோ அந்த புராஜெக்ட் ரெஜிஸ்டரே ஆகியிருக்காது, நம்ம ஊர்ல ஒரு கிரவுண்ட் ரெண்டு கிரவுண்ட் பில்டிங்லாம் இந்த ரகம்தான். பெரிய புராஜெக்ட்டா இருந்தாலும், நீங்க வாங்கினவர் இல்ல, நிலத்துக்கு ஓனர்னு சொல்லி பில்டர் நழுவப் பாப்பாரு.

இன்னொண்ணு கன்ஸ்யூமர் கோர்ட். என்னைக் கேட்டா ஜேவி கேஸுக்கு இதுதான் பெஸ்ட். நிலத்த குடுத்து பதிலுக்கு வீடு வாங்கறவரும் நுகர்வோர்தான்னு 2008லயே ஃபகீர் சந்த் குலாட்டி கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. பிரச்சனை ஆரம்பிச்சதுல இருந்து 2 வருஷத்துக்குள்ள போடணும், அடுத்த லீவுல பாத்துக்கலாம்னு விட்டா அவ்வளவுதான். ஆன்லைன்லயே ஃபைல் பண்ணலாம், வீடியோல ஆஜராக அனுமதியும் கேக்கலாம்.

திரும்பிப் போறதுக்கு முன்னாடி நம்பிக்கையான ஆளுக்கு பவர் எழுதிக் குடுத்துட்டுப் போங்க. அங்க போய் எழுதினா இந்தியன் கான்சுலேட்ல அட்டெஸ்ட் பண்ணி அனுப்பணும், அது இங்க வந்த 3 மாசத்துக்குள்ள ஸ்டாம்ப் டூட்டியும் கட்டியாகணும்.