லினக்ஸ் கணினிக்குக் காப்பு நகல் மென்பொருளைத் தேர்ந்தெடுத்தல்

செங்கோட்டையில் சாரல் காலத்து மின்தடைக்கும் ஐப்பசி இடிக்கும் பழகிய நாம், கணினிக் கோப்புகளுக்குக் காப்பு நகல் எடுப்பதை மட்டும் தள்ளிப்போடுகிறோம். மென்பொருளைத் தேடுவதற்கு முன், எதைக் காக்க வேண்டும் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

டைம்ஷிஃப்ட் என்ற மென்பொருள், இயங்குதளத்தை முந்தைய நிலைக்குத் திருப்புவதற்காகவே உருவாக்கப்பட்டது. நாமாக அமைப்பை மாற்றாவிட்டால் ஹோம் கோப்புறையிலுள்ள நம் கோப்புகளை அது நகலெடுக்காது. இதை அறியாமல், வீட்டுப் பத்திரங்களின் ஸ்கேன் படிகளை நான் ஒருமுறை இழந்தேன்.

ஆவணங்களுக்கு, கட்டளைகளைத் தட்டச்சு செய்து பழகாதவர்கள் தேஜா டூப் என்ற மென்பொருளை நிறுவலாம். பல ஆண்டுப் புகைப்படங்கள் சேர்ந்திருந்தால் என் தேர்வு போர்க் என்ற மென்பொருள்: ஒரே தரவை இருமுறை சேமிக்காததால், நாள்தோறும் நகலெடுத்தாலும் வட்டில் இடம் அதிகம் போகாது, அதை மவுஸாலேயே இயக்க வோர்ட்டா என்ற துணை மென்பொருள் உதவும். ஆனால் குறியாக்கக் கடவுச்சொல்லை மறந்தால் நகலைத் திறக்கவே முடியாது. அதைத் தாளில் எழுதிப் பீரோவில் வையுங்கள். கோப்புறையை அப்படியே நகலெடுக்கும் ஆர்சிங்க் என்ற கட்டளையை டெலீட் விருப்பத்தோடு இயக்கினால், நீங்கள் தவறுதலாக அழித்த கோப்பு அடுத்த ஓட்டத்தில் நகலிலிருந்தும் போய்விடும்.

எதைத் தேர்ந்தாலும், ஒரு கோப்பை வேறு கோப்புறையில் மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள். பிறகு, இடிமழைக்கு வானம் இருட்டுவதற்குள், நகல் உள்ள வெளி வட்டைக் கழற்றிவிடுங்கள்.