செயற்கைக்கோள் படத்தின் பிரிதிறனைக் கூட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பாவின் புவி நோக்குச் செயற்கைக்கோளான சென்டினல்-2 அனுப்பும் 13 பேண்டுகளில் (ஒவ்வொன்றும் ஒளியின் ஓர் அலைநீளப் பகுதியில் எடுத்த படம்) நான்குதான் 10 மீட்டர் பிரிதிறன் கொண்டவை, அதாவது ஒரு பிக்சல் தரையில் 10 மீட்டர் அகலம். ஆறு 20 மீட்டரிலும் மூன்று 60 மீட்டரிலும் வருகின்றன. ஏரியின் நீர்ப்பரப்பைக் கணக்கிடப் பச்சை பேண்டோடு (10 மீ) குற்றலை அகச்சிவப்பு பேண்டையும் (20 மீ) சேர்க்க வேண்டுமானால், இரண்டையும் ஒரே பிக்சல் கட்டத்துக்குக் கொண்டுவந்தாக வேண்டும். அதற்குத்தான் இடைச்செருகல், அதாவது அருகிலுள்ள பிக்சல்களை வைத்துப் புதிய பிக்சலின் மதிப்பைக் கணிப்பது. இங்கே தவறு நடந்தால் மென்பொருள் எச்சரிக்காது, படமும் அழகாகவே தெரியும்.

பிக்சல் சிறிதானதும் விவரம் கூடிவிட்டதாக நம்புவதுதான் பரவலான தவறு. லேண்ட்சாட் 8, 9 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள்களின் வெப்ப பேண்டுகளை உணரி 100 மீட்டரில் அளக்கிறது. நமக்குக் கிடைக்கும் கோப்பிலோ 30 மீட்டர் பிக்சல்கள். அதாவது ஓர் அளவீட்டின் பரப்பில் சுமார் 11 பிக்சல்கள். இதை வைத்து ஒரு தெருவைவிட அடுத்த தெரு சூடு என்று அறிக்கை எழுதக் கூடாது.

அதைவிட ஆபத்தானது, வகைப்பாட்டுப் படத்துக்குப் பைலீனியர் என்ற இடைச்செருகல் முறையைப் போடுவது. சென்டினல்-2 தரும் நில வகைப்பாட்டில் 4 என்றால் தாவரம், 5 என்றால் வெற்று நிலம், 6 என்றால் நீர். பைலீனியர் சுற்றியுள்ள நான்கு பிக்சல்களின் எடையிட்ட சராசரியை எடுக்கும். கரையில் செடியும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் 4-க்கும் 6-க்கும் நடுவே 5 வந்து விழும். ஏரியைச் சுற்றி இல்லாத வெற்று நிலம் ஒரு வளையமாக முளைத்துவிடும்! மேகம் எங்கே என்று குறிக்கும் மேக மறைப்புக் கோப்புகளுக்கும் இதே கதிதான். எண் வெறும் குறியீடாக இருந்தால் மிக அருகிலுள்ள பிக்சலின் மதிப்பை அப்படியே எடுக்கும் நியரஸ்ட் நெய்பர் மட்டுமே சரி.

கியூபிக் முறை 16 பிக்சல்களைப் பார்க்கும், சிலவற்றுக்கு எதிர்மறை எடையும் தரும். படம் கூர்மையாகத் தெரிவதால் பலருக்கு இதுதான் பிடிக்கும். ஆனால் பளிச்சென்ற கூரைக்குப் பக்கத்தில் கருமையான நீர் இருந்தால், நீரின் எதிரொளிப்பு பூஜ்ஜியத்துக்குக் கீழே போகலாம். சிவப்பு பேண்டில் அப்படி ஆனால், சிவப்பையும் அண்மை அகச்சிவப்பையும் வைத்துத் தாவரப் பசுமையைக் காட்டும் குறியீடான என்டிவிஐ, அதன் உச்ச வரம்பான 1-ஐத் தாண்டும். அளவீட்டு வேலைக்குப் பைலீனியரே பாதுகாப்பானது என்பது என் கருத்து.

அப்புறம், படத்தின் ஓரத்தில் தரவு இல்லாத பகுதியை 0 என்று நிரப்பியிருப்பார்கள். அதை மென்பொருளிடம் முதலிலேயே சொல்லாவிட்டால் அந்தப் பூஜ்ஜியமும் சராசரியில் கலந்துவிடும். ஆள்கூற்று முறையை மாற்ற ஒரு தடவை, பிக்சலைச் சிறிதாக்க இன்னொரு தடவை என்று மறுமாதிரி எடுப்பதும் (பிக்சல் மதிப்புகளைப் புதிய கட்டத்துக்கு மீண்டும் கணக்கிடுவதும்) வேண்டாம். ஒவ்வொரு தடவையும் படம் மழுங்கும், இரண்டையும் ஒரே கட்டளையில் முடிக்கலாம்.

வேலை முடிந்ததும் 10 மீட்டர் படத்தின் நான்கு நான்கு பிக்சல்களைச் சராசரி எடுத்து, மூல 20 மீட்டர் மதிப்போடு ஒப்பிடுங்கள். கரையோரத்தில் கொஞ்சம் வேறுபாடு வரும். அது பெரிதாக இருந்தால் கட்டம் அரை பிக்சல் நகர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.